இன்சுலின் ஊசி: முதல் மாதம் தடுமாறாமல் இருக்க

இன்சுலின் எழுதிக் கொடுத்த அன்று வீடு திரும்பியதும் முதல் வேலை ஊசி போடுவது அல்ல. மருந்துக் குப்பியையும் சிரிஞ்சையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் இருக்கும் எண்ணைப் படியுங்கள். குப்பியில் 40 என்றால் சிரிஞ்சிலும் 40 இருக்க வேண்டும். குப்பியில் 100 என்றால் சிரிஞ்சிலும் 100.

நம் ஊர்களில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். 10 மில்லி குப்பியில் 400 யூனிட் இருக்கும். இதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. பேனா வடிவ ஊசிக் கருவியில் (இன்சுலின் பேனா) போடும் கார்ட்ரிட்ஜ் என்ற சிறு மருந்துக் குழாயில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அந்த அளவுக்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. சில குப்பிகளும் 100-இல் வருகின்றன. அதனால் "குப்பின்னா 40" என்று மனப்பாடம் செய்யாதீர்கள். நிறத்தோடும் நிற்க வேண்டாம், எண்ணைப் படியுங்கள்.

மாறினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். டாக்டர் எழுதியது 20 யூனிட். 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 0.2 மில்லி, அதாவது 8 யூனிட்தான். சர்க்கரை குறையவே குறையாது. திருப்பிப் போட்டால் இன்னும் மோசம். 100 மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் அது 0.5 மில்லி, 50 யூனிட். உயிருக்கே ஆபத்து. தனியார் கிளினிக்கில் பேனா பழகியவர் செலவு தாங்காமல் அரசு ஆஸ்பத்திரிக் குப்பிக்கு மாறும்போது இந்தத் தவறு எளிதாக நடக்கும். பேனாவில் 20 யூனிட்டும் குப்பியில் 20 யூனிட்டும் ஒரே அளவு மருந்துதான். சிரிஞ்சு மட்டும் அந்தக் குப்பிக்கு உரியதாக இருக்க வேண்டும். பேனா கார்ட்ரிட்ஜில் சிரிஞ்சை விட்டு மருந்து உறிஞ்சும் வேலையை எந்த அவசரத்திலும் செய்யாதீர்கள்.

இதை முதலிலேயே இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சர்க்கரை குறையவில்லை என்றதும் "டோஸைக் கூட்டுங்க டாக்டர்" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். டோஸைத் தொடும் முன் நாலு விஷயம் பார்க்க வேண்டும்: எண், வெயில், ஊசி போடும் இடம், நேரம். இந்த நாலில் ஒன்று தவறியிருக்கும்போது டோஸைக் கூட்டினால், பிறகு அந்தத் தவறு சரியாகும் நாளில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கத்தில் கொண்டுபோய் விடும்.

"ஊசிக்கு வந்தாச்சுன்னா அவ்வளவுதாம்லா" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். கணையம் சுரக்க வேண்டிய பொருள் போதவில்லை, அதை வெளியிலிருந்து கொடுக்கிறோம். பழக்கமாகி அடிமைப்படுத்தும் மருந்து அல்ல இது. 1922 ஜனவரியில் டொராண்டோவில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகப் போட்டதிலிருந்து இன்றுவரை கோடிக்கணக்கான பேரை வாழவைத்திருக்கிறது. கர்ப்ப காலம், ஆபரேஷன், பெரிய காய்ச்சல், காலில் புண் என்று சிலருக்குக் கொஞ்ச நாளுக்கு மட்டும் தேவைப்படும். பிறகு டாக்டரே நிறுத்துவார். முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகளுக்கோ இதுதான் உயிர். ஒரு நாளும் நிறுத்தக் கூடாது.

உங்கள் கையில் இருப்பது எந்த இன்சுலின்

பச்சைத் தண்ணீர்போல் தெளிந்ததும் உண்டு, பால் கலந்ததுபோல் கலங்கியதும் உண்டு. 30/70 என்று எழுதிய கலவை மருந்துதான் நம் பக்கம் அதிகம் புழங்குகிறது. அது கலங்கியது. அதில் 30 பங்கு சீக்கிரம் வேலை செய்யும், 70 பங்கு மெதுவாக நாள் முழுக்க இழுக்கும். ஹியூமன் இன்சுலின் என்று போட்டிருக்கும் கலவையையும் ரெகுலர் எனப்படும் தெளிந்த மருந்தையும் சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன் போட வேண்டும். அனலாக் எனப்படும் புதுவகையில் சீக்கிரம் வேலை செய்பவற்றை இலைக்கு முன் உட்காரும்போதே போடலாம். கிளார்ஜின் போன்ற தெளிந்த நீண்டநேர மருந்துக்குச் சாப்பாட்டோடு சம்பந்தம் இல்லை. தினம் ஒரே நேரத்தில் போட்டால் போதும். உங்களுடையது எது என்பதை டாக்டரிடமோ நர்சிடமோ கேட்டுக் குப்பி அட்டையின் மேலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.

தெளிந்திருக்க வேண்டிய மருந்து கலங்கியிருந்தாலும், கலங்கிய மருந்து உருட்டிய பிறகும் கட்டி கட்டியாக நின்றாலும், குப்பிச் சுவரில் பனி ஒட்டியதுபோல் தெரிந்தாலும் அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஆனால் ஒன்று. வெயிலில் கெட்ட மருந்து எல்லா நேரமும் முகத்தைக் காட்டிக்கொடுக்காது. பார்க்க அப்படியே இருக்கும், வேகம் மட்டும் போயிருக்கும்.

வெயிலும் பானையும்

திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரிக்குள், பிரிட்ஜின் கதவுத் தட்டில் வையுங்கள். ஐஸ் பெட்டியிலோ அதை ஒட்டியோ வைக்கக் கூடாது. ஒருமுறை உறைந்துவிட்டால் உருகிய பிறகும் அது மருந்து இல்லை. திறந்த குப்பியைப் பிரிட்ஜிலும் வைக்கலாம், 30 டிகிரி தாண்டாத அறையிலும் வைக்கலாம். எப்படி இருந்தாலும் பொதுவாக 28 நாள்தான் கணக்கு. திறந்த தேதியை அட்டையில் பேனாவால் எழுதுங்கள். தினம் 10 யூனிட் மட்டும் போடுபவருக்கு 400 யூனிட் 40 நாள் வரும். 28-ஆம் நாள் மிச்சம் இருக்கிறதே என்று மனசு கேட்காது. மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும்.

சித்திரை, வைகாசியில் நெல்லைச் சீமையில் ஓட்டுவீடும் தகரக்கூரையும் உள்ளே எப்படிக் காயும் என்பது தெரியும். பிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு இரட்டைப் பானை நல்ல வழி. காருகுறிச்சிப் பானையோ உள்ளூர்ப் பானையோ, மெழுகோ பெயின்டோ பூசாததாக ஒன்று பெரிது, ஒன்று சிறிது வாங்குங்கள். பெரிய பானையின் அடியில் இரண்டு விரற்கடை மணல் போட்டு, அதன்மேல் சிறிய பானையை வைத்து, இடைவெளி முழுக்க மணலால் நிரப்புங்கள். காலையும் மாலையும் மணல் நனையத் தண்ணீர் ஊற்றுங்கள். மருந்தை ஈரம் புகாத மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுச் சிறிய பானைக்குள் வைத்து, வாயை ஈரத்துணியால் மூடுங்கள். காற்றோட்டமான நிழல் வேண்டும், அடுப்படி கூடாது.

பானையின் நுண்ணிய துளை வழியே கசியும் தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் காற்று வேண்டும் என்கிறோம். பூசிய பானை கசியாது, குளிராது. உவரி, கூடங்குளம் போலக் கடலை ஒட்டிய ஊர்களில் காற்றிலேயே ஈரம் அதிகம் என்பதால் பானை அவ்வளவாகக் குளிராது. ஒரு சிறிய அறை வெப்பமானியை உள்ளே வைத்து மதியம் இரண்டு மணிக்குப் பாருங்கள். 30-க்கு மேல் காட்டினால் பானையை நம்ப வேண்டாம். பானை திறந்த குப்பிக்கு மட்டும்தான். திறக்காத குப்பிகளுக்குப் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் பிரிட்ஜில் ஒரு மூலை கேளுங்கள், இல்லையென்றால் ஒவ்வொன்றாக வாங்குங்கள்.

கரண்ட் போனால் பிரிட்ஜைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். மூடியே இருந்தால் சில மணி நேரம் குளிர் நிற்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது நெல்லை, தூத்துக்குடி ஊர்கள் பலவற்றில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மழைக்காலம் தொடங்கும்போதே குப்பி, சிரிஞ்சு, சீட்டு, குளுக்கோஸ் பொடி எல்லாவற்றையும் தண்ணீர் புகாத ஒரே டப்பாவில் போட்டு உயரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பயணத்தில் பைக் பெட்டிக்குள்ளும், கார் டேஷ்போர்டிலும், பஸ்ஸில் வெயில் அடிக்கும் ஜன்னலோரத்திலும் மருந்து இருக்கக் கூடாது. ஐஸ்கட்டியோடு நேராக ஒட்டவும் கூடாது; துணி சுற்றி வையுங்கள்.

ஊசி போடும் முறை

1. சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஊசி போடும் இடமும் சுத்தமாக இருந்தால் போதும், ஸ்பிரிட் கட்டாயம் இல்லை. ஸ்பிரிட் தடவினால் காயும்வரை பொறுங்கள். ஈரத்தோடு குத்தினால் எரியும்.

2. கலங்கிய மருந்தை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் 10 தடவை உருட்டி, 10 தடவை மேலும் கீழுமாகச் சாய்த்துத் திருப்புங்கள். சிரப்பைக் குலுக்குவதுபோல் குலுக்கினால் நுரைத்து அளவு தவறும். உருட்டாமலே எடுத்தால் ஒரு நாள் மேல்தண்ணீர், இன்னொரு நாள் அடிவண்டல் என்று மருந்தின் கலவையே தினம் மாறும். சுகர் ஏறி இறங்குவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

3. எத்தனை யூனிட்டோ அத்தனை கோடு காற்றை சிரிஞ்சில் இழுத்து, நிமிர்ந்து நிற்கும் குப்பிக்குள் செலுத்துங்கள். காற்று போகாவிட்டால் மருந்து வர மறுக்கும்.

4. குப்பியைத் தலைகீழாக்கி, ஊசி முனை மருந்துக்குள் முங்கியிருக்க, இரண்டு மூன்று யூனிட் கூடுதலாகவே இழுங்கள். குமிழி இருந்தால் சிரிஞ்சை விரலால் சுண்டி மேலே ஏற்றி, குப்பிக்குள்ளேயே தள்ளிவிட்டு, கோட்டில் நிறுத்துங்கள். குமிழி உடம்புக்குள் போனால் உயிருக்கு ஒன்றும் ஆகாது. அது அடைத்த இடத்து மருந்து குறையும், அவ்வளவே.

5. வயிற்றில் போடுவது நல்லது. தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலை மெதுவாகத் தூக்கிப் பிடித்து, ஊசியை நேராக இறக்கி, மெதுவாக அழுத்துங்கள். ரொம்ப ஒல்லியானவர் சாய்த்து இறக்க வேண்டும். மருந்து முழுதும் போன பிறகு பத்து எண்ணி, ஊசியை எடுத்துவிட்டுத் தோலை விடுங்கள். தேய்க்க வேண்டாம்.

பேனா என்றால் ஒவ்வொரு தடவையும் புது ஊசி மாட்டி, 2 யூனிட் வைத்துக் காற்றில் அழுத்திப் பாருங்கள். முனையில் சொட்டு வந்தால்தான் வழி திறந்திருக்கிறது. 4 மில்லிமீட்டர் ஊசிக்குத் தோலைத் தூக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. போட்டு முடித்ததும் ஊசியைக் கழற்றிவிடுங்கள். மாட்டியே வைத்தால் சூட்டில் மருந்து கசியும், குளிரில் காற்று உள்ளே போகும்.

இரண்டு குப்பியை ஒரே சிரிஞ்சில் சேர்த்து எடுக்கச் சொல்லியிருந்தால் தெளிந்தது முதலில், கலங்கியது பிறகு. கிளார்ஜினை எதோடும் சேர்க்கக் கூடாது.

ஒரே இடத்தில் குத்தினால்

வலிக்காத இடம் ஒன்று கிடைத்ததும் கை தானாக அங்கேயே போகும். சில மாதத்தில் அந்த இடத்தில் கொழுப்பு திரண்டு, தொட்டால் ரப்பர்போல் ஒரு வீக்கம் வரும். பல நேரம் கண்ணுக்குத் தெரியாது, சோப்பு நுரையோடு விரல்களைத் தட்டையாக வைத்துத் தடவினால்தான் தட்டுப்படும். அங்கே குத்தினால் வலி இல்லை என்பது உண்மை. அங்கே போன மருந்து எப்போது இரத்தத்தில் கலக்கும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

வயிற்றைத் தொப்புளை நடுவாக வைத்து நாலு பாகமாகப் பிரியுங்கள். வாரத்துக்கு ஒரு பாகம். அந்தப் பாகத்துக்குள்ளும் முந்திய ஊசியிலிருந்து ஒரு விரல் தள்ளி அடுத்தது. தொடையின் வெளிப்பக்கமும் பிட்டமும் சரியான இடங்களே; ஆனால் வயிற்றில் மருந்து வேகமாக ஏறும், தொடையில் மெதுவாக ஏறும். அதனால் காலை வயிறு, ராத்திரி தொடை என்று ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். நினைத்த நினைத்த இடத்தில் மாற்றாதீர்கள். பழைய வீக்கத்தை விட்டு நல்ல தோலுக்கு மாறும்போது அதே டோஸ் பலமாக வேலை செய்யும். டாக்டரிடம் சொல்லி, தேவைப்பட்டால் டோஸைக் குறைத்துக்கொண்டு மாறுங்கள்.

சிரிஞ்சு ஒரு தடவைக்கு ஒன்று என்பதுதான் சரி. காசு இடம் கொடுக்காமல் திரும்பப் பயன்படுத்துபவர்கள் ஒன்றை மட்டும் மீறக் கூடாது: ஒருவர் ஊசியை இன்னொருவர் தொடக் கூடாது, அது கணவன் மனைவியாக இருந்தாலும். வலிக்கத் தொடங்கிய ஊசியின் முனை மடங்கிவிட்டது என்று அர்த்தம். அன்றே தூக்கிப் போடுங்கள்.

சர்க்கரை இறங்கும்போது

இந்தப் பகுதியை வீட்டில் எல்லோரும் படிக்க வேண்டும், ஏனென்றால் இறங்கும்போது நோயாளிக்கு யோசனை ஓடாது.

அளவு 70-க்குக் கீழ் போனால் அது குறைவு. கை நடுக்கம், நெஞ்சு படபடப்பு, திடீர்ப் பசி, குளிர்ந்த வேர்வை, கிறுகிறுப்பு, காரணம் இல்லாத கோபம், குளறும் பேச்சு. பெரியவர் ஒருவர் மதியம் பதினொன்றரைக்கு வழக்கத்துக்கு மாறாக எரிந்து விழுந்தால் சண்டைக்குப் போகாதீர்கள், சுகரைப் பாருங்கள். இரவில் என்றால் கெட்ட கனவு, நனைந்த தலையணை, காலையில் தலைவலி.

மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் பொடியை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். இது ஏறத்தாழ 15 கிராம். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். 70-க்கு மேல் வரவில்லையா, அதே அளவு இன்னொரு முறை. சரியானதும் இரண்டு இட்லியோ ஒரு கை சோறோ சாப்பிட வேண்டும், இல்லையென்றால் மறுபடி இறங்கும்.

அல்வாவைக் கொடுக்காதீர்கள். இனிப்புதானே என்று தோன்றும், ஆனால் அதிலுள்ள நெய் வயிற்றிலிருந்து சர்க்கரை இறங்குவதைத் தாமதப்படுத்தும். சாக்லேட்டும் அப்படித்தான். கருப்பட்டியைக் கடித்து மெல்ல நேரம் ஆகும்; வேறு எதுவும் இல்லையென்றால் தட்டிக் கரைத்துக் கொடுங்கள். கருப்பட்டி சுகரை ஏற்றாது என்ற நம்பிக்கையும் தவறு. நன்றாகவே ஏற்றும். வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் மாத்திரை சாப்பிடுபவருக்கு வீட்டுச் சர்க்கரை உடனே வேலை செய்யாது, ஏனெனில் அந்த மாத்திரை சர்க்கரை உடைவதைத் தடுக்கிறது. அவர்கள் பையில் குளுக்கோஸ் பொடிதான் இருக்க வேண்டும்.

நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். சோடா, காப்பி, சர்க்கரைத் தண்ணீர் எதுவானாலும் மூச்சுக்குழாய்க்குள் போகும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுபவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் தெளிந்த பிறகும் குறைவு திரும்ப வரும். அவர்கள் ஆஸ்பத்திரியில் கண்காணிப்பில் இருந்தாக வேண்டும்.

குறைவு எப்போது வருகிறது? போட்ட ஊசிக்கு உரிய சாப்பாடு போகாதபோது. முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் "ஆயிரம் முடிச்சுட்டுச் சாப்பிடுதேன்" என்று மதியச் சாப்பாட்டைத் தள்ளுகிறார்கள். காலையில் போட்ட 30/70-இன் மெதுவான பங்கு சரியாக அந்த நேரத்தில்தான் உச்சத்தில் நிற்கும். பீடித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாவது ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிடுங்கள். நடவுக்குப் போகிறவர் விடியற்காலை ஊசி போட்டுவிட்டு வயலில் போய்க் கஞ்சி குடிக்கலாம் என்று கிளம்பக் கூடாது. குடித்துவிட்டுப் போகட்டும், அல்லது ஊசியை வயலுக்குக் கொண்டு போகட்டும். கல்யாண வீட்டில் பந்திக்கு இடம் உறுதியான பிறகே ஊசி.

திருச்செந்தூர் பாதயாத்திரை, கந்த சஷ்டி விரதம், ரம்ஜான் நோன்பு எதுவானாலும் குறைந்தது இரண்டு வாரம் முன்பே டாக்டரிடம் சொல்லி டோஸை மாற்றி எழுதி வாங்குங்கள். நடக்கிற நாளில் தொடையில் ஊசி போட வேண்டாம். உழைக்கும் தசையருகே மருந்து வேகமாக ஏறும். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்து மசாஜ் செய்துகொள்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. ஊசி போட்ட இடத்தை அழுத்தித் தேய்த்தால் மருந்து முன்கூட்டியே ஏறிவிடும். சாப்பிட்டு முடித்தபின் அருவிக்குப் போங்கள்.

காய்ச்சலோ வாந்தியோ வந்து சாப்பிட முடியவில்லை என்றால் "சாப்பிடல, அதனால ஊசி வேண்டாம்" என்று தானாக நிறுத்தாதீர்கள். நோய் நேரத்தில் சாப்பிடாமலே சர்க்கரை ஏறும். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை சுகரைப் பார்த்து, டாக்டரைக் கேளுங்கள். வாந்தி நிற்கவில்லை, மூச்சு வேகமாக வாங்குகிறது, வயிறு வலிக்கிறது, சுகர் 300-ஐத் தாண்டுகிறது என்றால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியோ பக்கத்துத் தாலுகா ஆஸ்பத்திரியோ, உடனே போங்கள்.

சோதனையும் நோட்டும்

மீட்டரில் பார்க்கும் முன் கையைத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். பழம் உரித்த விரலில் எடுத்தால் 150 இருப்பவருக்கு 250 காட்டும், அதைப் பார்த்து ஊசியைக் கூட்டுவார்கள். விரல் நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடுங்கள்; ஈரக்காற்று பட்டால் தவறாகக் காட்டும்.

பலருக்கும் இலக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 180-க்குள். வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது வேறு. உங்கள் இலக்கை டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு 40 பக்க நோட்டில் தேதி, நேரம், சுகர், யூனிட், ஊசி போட்ட இடம், சாப்பிட்ட நேரம் என்று கோடு போடுங்கள்.

போட்டு முடித்த ஊசிகளை வாய்க்காலிலோ குப்பையிலோ போடாதீர்கள். துப்புரவுப் பணியாளரின் கையில் குத்தும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, முக்கால் நிறைந்ததும் மூடி ஒட்டி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்க வழி கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசம் என்பதால் எப்படியும் அங்கே போக வேண்டியிருக்கும்.

அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போகும்போது ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். நோட்டு, மீட்டர், குப்பி, சிரிஞ்சு நாலையும் எடுத்துப் போங்கள். நர்சு முன்னால் ஒரு ஊசியை நீங்களே எடுத்துக் காட்டுங்கள். ஊசி போடும் இடத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். டோஸைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு இருக்கட்டும்.